சுவிட்சில் இருப்பது யார் கை?

"தைராய்டு இருக்கு" என்று ஒருவர் சொன்னால் தம்மம்பட்டிப் பக்கம் அடுத்த கேள்வி உடனே வரும்: "குண்டாகுற தைராய்டா, இளைக்கிற தைராய்டா?" பெரும்பாலோருக்கு முதல் வகைதான். அசதி, மலச்சிக்கல், உடம்பு பூரிப்பு, காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை என்று அது போகும். இரண்டாவது வகை குறைவு. ஆனால் வந்தால் ஆளை உலுக்கிவிடும். வயிறு நிறையச் சாப்பிட்டும் எடை இறங்கும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு படபடக்கும். கையை நீட்டிப் பிடித்தால் விரல் நுனிகள் நடுங்கும். மார்கழியிலும் வியர்த்துக் கொட்டும். தூக்கம் கெடும். கழுத்தின் முன்பக்கம் வீங்கும். சிலருக்குக் கண்கள் முன்தள்ளி, எப்போதும் முறைப்பது போலத் தெரியும்.

இந்த இரண்டு வகை நோயாளிகளின் லேப் ரிப்போர்ட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு புதிர் தென்படும். 'ஆன்டி டிபிஓ' என்ற வரியில் இருவருக்குமே அளவு கூடியிருக்கலாம். தைராய்டுக்கு எதிராக உடம்பே ஆன்டிபாடி உண்டாக்கியிருக்கிறது என்று இருவரிடமும் சொல்லியிருப்பார்கள். ஒருவரைக் குண்டாக்கி, இன்னொருவரை எலும்பும் தோலுமாக்கும் வேலையை ஒரே ஆன்டிபாடி செய்யுமா?

செய்யாது. இளைக்கவைக்கும் தைராய்டுக்குக் காரணம் வேறோர் ஆன்டிபாடி. பலருடைய ரிப்போர்ட்டில் அதற்கென்று ஒரு வரியே இருக்காது, ஏனென்றால் அதைத் தனியாகக் கேட்டால்தான் பார்ப்பார்கள். அது என்ன, அதுதான் காரணம் என்று எப்படித் தெரிந்தது, தெரிந்ததால் நமக்கு என்ன பயன் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

மோட்டாரும் தொட்டியும்

கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் நடுவே உள்ள இந்தப் பள்ளத்தாக்கில் கிணறும் பம்புசெட்டும் தெரியாதவர்கள் கிடையாது. ஒரு தோட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் தண்ணீரை இறைத்துத் தொட்டியில் நிரப்புகிறது. தொட்டியிலிருந்து வயலுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பாய்கிறது. வரப்பில் ஓர் ஆள் நிற்கிறார். வயல் காய்ந்தால் சுவிட்சைப் போடுவார், ஈரம் போதுமென்றால் கையை எடுத்துவிடுவார்.

தைராய்டு சுரப்பி அந்த மோட்டாரும் தொட்டியும் சேர்ந்தது. கழுத்தில் குரல்வளைக்குக் கீழே, ஏறத்தாழ 20 கிராம் எடையில், பட்டாம்பூச்சி வடிவில் இருக்கிறது. உப்பிலும் உணவிலும் வரும் அயோடினை எடுத்து டி3, டி4 என்ற இரண்டு ஹார்மோன்களைச் செய்கிறது. செய்ததை உடனே செலவழிப்பதில்லை. இரண்டு மூன்று மாதத்துக்குத் தேவையானதைத் தைரோகுளோபுலின் என்ற புரதத்தோடு பிணைத்துச் சேமித்து வைக்கிறது. வயல் நம் உடம்பு. வரப்பில் நிற்பவர், மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி. அவருடைய கைதான் டிஎஸ்எச், அதாவது தைராய்டைத் தூண்டும் ஹார்மோன். ஒவ்வொரு தைராய்டு செல்லின் மேற்பரப்பிலும் டிஎஸ்எச் வந்து பொருந்துவதற்கு ஒரு புரதம் நீட்டிக்கொண்டிருக்கிறது. அறிவியல் தமிழில் இதை ஏற்பி என்கிறோம். அதுதான் சுவிட்ச்.

இப்போது வயலில் வெள்ளம். ஆள் என்ன செய்வார்? கையை எடுத்துவிடுவார். டி3, டி4 கூடியிருப்பவர்களின் ரத்தத்தில் டிஎஸ்எச் கிட்டத்தட்ட இல்லாமல் போவது இதனால்தான். ரிப்போர்ட்டில் 0.01க்கும் கீழே என்று அச்சிட்டு வருவதைப் பார்த்து, "குறைவாத்தானே இருக்கு" என்று ஆறுதலடைபவர்கள் உண்டு. பிட்யூட்டரி கையை எடுத்துவிட்டது, ஆனாலும் வெள்ளம் நிற்கவில்லை என்பதுதான் அந்த எண்ணின் பொருள்.

பிட்யூட்டரி கையை எடுத்த பிறகும் வெள்ளம் ஏன்? முக்கியமாக மூன்று வழிகள் உண்டு. ஒன்று, மோட்டாரின் ஒரு பகுதி யாருக்கும் கட்டுப்படாமல் தானாக ஓடுவது. தைராய்டில் வளரும் சில கட்டிகள் இப்படி நடந்துகொள்ளும். இரண்டு, மோட்டார் நின்றேயிருக்கிறது, ஆனால் தொட்டிச் சுவர் விரிசல்விட்டு, சேமித்து வைத்தது வெளியே கொட்டுவது. வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகோ, பிரசவத்துக்குப் பிறகு சில மாதங்களிலோ தைராய்டு அழற்சியால் இது நேரும். தொட்டி காலியானதும் வெள்ளமும் வடிந்துவிடும். மூன்றாவது, வேறு யாரோ சுவிட்சில் கை வைத்திருப்பது. நம் நாட்டில் தைராய்டு மிகையாகச் சுரப்பதற்கு அதிகம் காணப்படும் காரணம் இந்த மூன்றாவதுதான். கிரேவ்ஸ் நோய் என்று பெயர்.

மூன்றிலும் படபடப்பு ஒன்றுதான், நடுக்கம் ஒன்றுதான், டிஎஸ்எச் அளவும் ஒன்றுதான். வைத்தியம் மட்டும் வேறு வேறு. ஹார்மோன் உற்பத்தியைத் தடுக்கும் கார்பிமசோல் மாத்திரை கிரேவ்ஸ் நோயில் நன்றாக வேலை செய்யும். தொட்டி விரிசலில் அதனால் பலனில்லை, ஏனென்றால் அங்கே உற்பத்தியே நடக்கவில்லை. படபடப்புக்கு மட்டும் மாத்திரை கொடுத்துச் சில வாரம் பொறுத்திருந்தால் போதும். ஆகவே மருத்துவர் விடை காண வேண்டிய முதல் கேள்வி, சுவிட்சில் இருப்பது யார் கை என்பதே.

மூன்று ஆன்டிபாடிகள்

கிருமி நுழைந்தால் அதைப் பற்றிப் பிடிக்க நம் வெள்ளணுக்கள் செய்யும் ஒய் வடிவப் புரதம்தான் ஆன்டிபாடி. எதிர்ப்பொருள் என்றும் எழுதுகிறார்கள். ஒவ்வோர் ஆன்டிபாடியும் ஒரே ஓர் உருவத்தைத்தான் பிடிக்கும். சொந்த உடம்பின் புரதங்களைப் பிடிக்கும் ஆன்டிபாடிகளை உடம்பு வழக்கமாகத் தொடக்கத்திலேயே வடிகட்டிவிடும். அந்த வடிகட்டல் பிசகும்போது வருபவை தன்னெதிர்ப்பு நோய்கள்.

தைராய்டில் இப்படி மூன்று புரதங்கள் இலக்காகின்றன. ஹார்மோனைச் சேமிக்கும் தைரோகுளோபுலின், அயோடினை ஹார்மோனில் ஏற்றும் டிபிஓ என்ற நொதி, டிஎஸ்எச் வந்து பொருந்தும் ஏற்பி. இவை எங்கே இருக்கின்றன என்பது முக்கியம். முதல் இரண்டும் ரத்தம் நேராகத் தொடாத உட்பகுதியில் இருக்கின்றன. அவற்றுக்கு எதிரான ஆன்டிபாடிகள் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருந்தாலும், நலமாக இருக்கும் செல்லின் வேலையை எளிதில் மாற்ற முடியாது. தைராய்டைத் தன்னெதிர்ப்பு தொட்டிருக்கிறது என்பதற்கு அவை அடையாளம், அவ்வளவே. ஏற்பியோ ரத்தத்தைப் பார்த்தபடி செல்லின் வெளிப்புறம் நீட்டிக்கொண்டிருக்கிறது. அதற்கெதிரான ஆன்டிபாடி பிறந்தால் நேராகப் போய் அமர்ந்துவிடும். அமர்ந்த விதம் டிஎஸ்எச் அமர்வதைப் போலவே இருந்தால் சுவிட்ச் விழுந்துவிடும். வயல் காய்ந்திருக்கிறதா, நிறைந்திருக்கிறதா என்று பார்க்கும் வழக்கம் இந்தக் கைக்குக் கிடையாது.

டிபிஓ ஆன்டிபாடி எவ்வளவு பரவலானது என்பதற்கு நம் நாட்டிலேயே கணக்கு உண்டு. சென்னை உள்ளிட்ட எட்டு நகரங்களில் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களின் ரத்தத்தைப் பார்த்தார்கள். அவர்களில் ஏறத்தாழ 22 சதவீதம் பேருக்கு இந்த ஆன்டிபாடி இருந்தது. தைராய்டு குறைவாகச் சுரந்தவர்கள் சுமார் 11 சதவீதம். அதாவது ஆன்டிபாடி இருந்தவர்களில் பலருக்கு நோய் இல்லை. மிகைச் சுரப்பு இதைவிட வெகு குறைவு. கொச்சியில் நடந்து 2009இல் வெளியான ஆய்வில், வெளிப்படையான மிகைச் சுரப்பு 1.3 சதவீதம் பேருக்குத்தான் இருந்தது. கிரேவ்ஸ் நோயாளிகளில் நான்கில் மூன்று பேருக்கு டிபிஓ ஆன்டிபாடியும் கூடவே இருக்கும். இரண்டு ரிப்போர்ட்டிலும் ஒரே வரி கூடியிருந்த புதிர் இப்போது அவிழ்கிறது. அந்த வரி இருவருக்கும் பொதுவான அடையாளம். இளைப்பவருக்கு அதற்கு மேல் ஏற்பியைத் தூண்டும் ஆன்டிபாடியும் இருக்கிறது.

எப்படித் தெரிந்தது?

டப்ளின் நகர மருத்துவர் ராபர்ட் கிரேவ்ஸ், கழுத்து வீக்கமும் கடும் படபடப்பும் சேர்ந்து வந்த பெண்களைப் பற்றி 1835இல் எழுதினார். ஜெர்மனியில் கார்ல் வான் பேஸ்டோ 1840இல் அவற்றோடு கண் முன்தள்ளலையும் சேர்த்து விவரித்தார். அடுத்த நூறு ஆண்டுகள் இதயத்தில் கோளாறு, நரம்பில் கோளாறு என்று காரணம் தேடினார்கள். பிட்யூட்டரி ஹார்மோன் கண்டறியப்பட்ட பிறகு, அதுதான் அளவுக்கு மீறிச் சுரக்கிறது என்று பலரும் நம்பினார்கள். நியாயமான ஊகம்தான்.

நியூசிலாந்தின் டனீடின் நகரில் டங்கன் ஆடம்ஸும் ஹெர்பர்ட் பர்வஸும் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். கினிப் பன்றிகளின் தைராய்டில் கதிரியக்க அயோடினை ஏற்றினார்கள். சுரப்பி தூண்டப்பட்டால் அந்தக் கதிரியக்கம் ரத்தத்துக்கு வரும், கருவியால் அளக்கலாம். டிஎஸ்எச் கொடுத்த விலங்குகளில் அளவு சில மணி நேரத்தில் உச்சிக்குப் போய் இறங்கியது. நோயாளியின் ரத்தநீரைச் செலுத்தியபோதும் சுரப்பி தூண்டப்பட்டது, ஆனால் மெதுவாக ஏறி வெகுநேரம் நின்றது. டிஎஸ்எச் கூடுதலாக இருந்திருந்தால் உயரம் மாறலாம், நேரம் மாறாது. ஆகவே ரத்தத்தில் இருப்பது வேறொரு பொருள் என்று 1956இல் அறிவித்தார்கள். நெடுநேரத் தைராய்டுத் தூண்டி என்ற பொருளில் அதற்குப் பின்னர் பெயரும் வந்தது.

அதே 1956இல் லண்டனில் ஐவன் ராய்ட், டெபோரா டோனியாக் குழுவினர், ஹாஷிமோட்டோ நோயாளிகளின் ரத்தத்தில் தைராய்டுக்கு எதிரான ஆன்டிபாடிகளைக் கண்டார்கள். தைராய்டு குறைவாகச் சுரக்க முக்கியக் காரணமான நோய் அது. உடம்பு தன்னையே தாக்காது என்ற பழைய நம்பிக்கை அத்தோடு ஆட்டங்கண்டது. டனீடினில் கண்ட மர்மப் பொருளும் ஓர் ஆன்டிபாடியே என்பது 1960களின் நடுவில் உறுதியானது. ரத்தநீரைக் கூறுகூறாகப் பிரித்தபோது, தூண்டும் சக்தி ஐஜிஜி என்ற ஆன்டிபாடிப் பகுதியோடுதான் எப்போதும் சேர்ந்து வந்தது.

விலங்கில் நடப்பது மனிதரிலும் நடக்குமா என்பது அடுத்த கேள்வி. நோயாளிகளின் ரத்தநீரை நலமான மனிதர்களுக்குச் செலுத்திய ஆய்வு 1965இல் வெளியானது. அவர்களுடைய தைராய்டும் சிறிது காலம் தூண்டப்பட்டது. இதற்கு நிகரான சான்றை இயற்கையும் கொடுத்திருந்தது. கிரேவ்ஸ் நோயுள்ள தாய்க்குப் பிறக்கும் குழந்தைகளில் சிலருக்குப் பிறக்கும்போதே இதயம் வேகமாக அடிக்கும், எடை ஏறாது, தைராய்டு மிகையாகச் சுரக்கும். சில வாரங்களிலோ மாதங்களிலோ அது தானாகவே முழுதாக மறைந்துவிடும். ஐஜிஜி நஞ்சுக்கொடி வழியாகத் தாயிடமிருந்து குழந்தைக்குப் போகும் என்பதும், ரத்தத்தில் ஏறத்தாழ மூன்று வாரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும் என்பதும் தெரிந்தவை. நோய் மறையும் கால அளவு அந்தக் கணக்கோடு பொருந்துகிறது. குழந்தையின் தைராய்டில் குறையே இல்லை. தாயிடமிருந்து வந்த ஆன்டிபாடி தீர்ந்ததும் நோயும் தீர்ந்தது. ஆன்டிபாடியே காரணம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

ஒரு சிக்கல் மட்டும் மிச்சமிருந்தது. எலிகளை வைத்துச் சோதித்தால் நோயாளிகளில் பாதிப் பேரிடம்தான் இந்தத் தூண்டி தென்பட்டது. மனித ஏற்பியைப் பிடிக்கும் ஆன்டிபாடி எல்லாமே எலியின் ஏற்பியைப் பிடிப்பதில்லை என்பதுதான் காரணம். 1974இல் பெர்னார்ட் ரீஸ் ஸ்மித்தும் ரெஜினால்ட் ஹாலும் மனிதத் தைராய்டு செல்களின் மென்படலத்தை எடுத்தார்கள். அதில் டிஎஸ்எச் அமரும் இடத்தை நோயாளியின் ஆன்டிபாடி பிடித்துக்கொள்கிறது என்று அளந்து காட்டினார்கள். இன்றைய லேப் பரிசோதனையின் வேர் இதுதான். ஏற்பியின் மரபணு 1989இல் படியெடுக்கப்பட்டது. 2003இல் ஒரு நோயாளியின் வெள்ளணுவிலிருந்து இத்தகைய ஓர் ஆன்டிபாடியைத் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். 2007இல் அது ஏற்பியோடு பிணைந்திருக்கும் வடிவத்தை எக்ஸ்ரே படிகவியல் படம்பிடித்தது. டிஎஸ்எச் பிடிக்கும் அதே பகுதியை, ஏறக்குறைய அதே விதமாக, ஆன்டிபாடி பிடித்திருந்தது.

குச்சிக்கிழங்கு காரணமா?

சேலமும் நாமக்கல்லும் மரவள்ளி விளையும் சீமை, ஜவ்வரிசி ஆலைகளின் தாயகம். கழுத்து வீங்கினால் குச்சிக்கிழங்கின் மேல் சந்தேகம் போவது இயல்பு. மரவள்ளியில் சயனைடைத் தரும் ஒரு பொருள் உண்மையிலேயே இருக்கிறது. உடம்பு அதைத் தயோசயனேட்டாக மாற்றும். தயோசயனேட் தைராய்டுக்குள் அயோடின் நுழைவதை மறிக்கும். அயோடின் குறைந்த, மரவள்ளியே முக்கிய உணவான காங்கோ நாட்டுப் பகுதிகளில் இதனால் கழுத்துக் கழலை பெருகியதை ஆய்வாளர்கள் ஆவணப்படுத்தியிருக்கிறார்கள். ஆனால் அயோடின் உள்ளே போகாவிட்டால் ஹார்மோன் குறையும், கூடாது. நன்றாக வேகவைத்துத் தண்ணீரை வடித்த கிழங்கும், அயோடின் கலந்த உப்பும் இருக்கும் வீட்டில் இந்த அபாயம் சிறிது. இளைக்கவைக்கும் தைராய்டுக்குக் கிழங்கைக் குற்றம் சொல்ல முடியாது.

வேறென்ன காரணம்? குடும்ப வழிக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் உருவொத்த இரட்டையரில் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கு வருவது ஏறத்தாழ மூன்றில் ஒன்றுதான், ஆகவே மரபணு மட்டும் முடிவு செய்வதில்லை. பெண்களுக்கு ஆண்களைவிடப் பல மடங்கு அதிகம் வருகிறது. பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்கள் ஓர் ஆபத்தான காலம். புகைப்பழக்கம் நோய் வரும் வாய்ப்பைக் கூட்டுகிறது, கண் பாதிப்பை இன்னும் மோசமாக்குகிறது. கண் முன்தள்ளியவர் வேறெதைச் செய்யாவிட்டாலும் பீடி, சிகரெட்டை விட்டே ஆக வேண்டும்.

ரிப்போர்ட்டில் பார்க்க வேண்டியது

ஏற்பிக்கு எதிரான ஆன்டிபாடியை லேப்பில் 'டிராப்' என்ற சுருக்கப் பெயரால் கேட்பார்கள். இன்றைய பரிசோதனைகள் கிரேவ்ஸ் நோயாளிகளில் நூற்றுக்கு 95 பேருக்கும் மேல் இதைச் சரியாகக் கண்டுபிடித்துவிடுகின்றன. டிபிஓவைவிடச் செலவு கூடுதல். கண் முன்தள்ளி, கழுத்து பரவலாக வீங்கி, நோய் வெளிப்படையாகத் தெரிபவருக்கு இது இல்லாமலும் மருத்துவர் முடிவெடுக்கலாம். குழப்பமான இடத்தில், குறிப்பாகப் பிள்ளை பெற்ற சில மாதங்களில் படபடப்போடு வரும் பெண்ணுக்கு, கிரேவ்ஸா தொட்டி விரிசலா என்று பிரித்துச் சொல்ல இதுவே நல்ல வழி. பால் கொடுக்கும் தாய்க்குக் கதிரியக்க ஸ்கேன் எடுக்கத் தயங்குவார்கள் என்பதால் இதன் மதிப்பு இன்னும் கூடும்.

ரத்தம் கொடுக்கும் முன் ஒன்றைச் சொல்ல வேண்டும். தலைமுடி கொட்டாமல் இருக்கப் பலர் எடுக்கும் மாத்திரைகளில் பயோட்டின் என்ற வைட்டமின் மிகுதியாக இருக்கும். பல லேப் கருவிகளின் அளவிடும் முறையிலேயே பயோட்டின் ஓர் அங்கம். அது ரத்தத்தில் மிதந்தால் கணக்கு தடுமாறும். டிஎஸ்எச் குறைவு, டி4 அதிகம், டிராப் உண்டு என்று நோயே இல்லாதவரையும் கிரேவ்ஸ் நோயாளியாகக் காட்டிவிடும். குறைந்தது இரண்டு நாள் முன்பே அந்த மாத்திரையை நிறுத்திவிட்டுப் போக வேண்டும். எடுத்துக்கொண்டிருந்ததை மருத்துவரிடம் சொல்லவும் வேண்டும்.

சிகிச்சை முடிவிலும் டிராப் உதவும். கார்பிமசோலை வழக்கமாக ஒன்று முதல் ஒன்றரை ஆண்டு கொடுப்பார்கள். நிறுத்திய பிறகு ஏறத்தாழ பாதிப் பேருக்கு நோய் திரும்புகிறது. நிறுத்தும் நேரத்தில் டிராப் இன்னும் அதிகமாக இருந்தால் திரும்பும் வாய்ப்பும் அதிகம். இறங்கியிருந்தால் துணிந்து நிறுத்தலாம். இந்த மாத்திரை சாப்பிடுபவர் மறக்கக் கூடாத எச்சரிக்கை ஒன்று உண்டு. காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் அடுத்த மாத்திரையைப் போடாமல், அன்றே வெள்ளணு எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். மிகச் சிலருக்கு இந்த மருந்து வெள்ளணுக்களை அடியோடு குறைத்துவிடும்.

நம்மிடம் இப்போதுள்ள மூன்று சிகிச்சைகளும், அதாவது மாத்திரை, கதிரியக்க அயோடின், அறுவை ஆகிய மூன்றும், மோட்டாரைத்தான் அடக்குகின்றன. அன்னியக் கையை நேராகத் தொடுவதில்லை. ஏற்பியில் அமர்ந்தும் அதைத் தூண்டாமல் இடத்தை மட்டும் மறித்துக்கொள்ளும் வேறு வகை ஆன்டிபாடிகளும் சிலருடைய ரத்தத்தில் பிறக்கின்றன. அப்படியொன்றைப் பிரித்தெடுத்து, கிரேவ்ஸ் நோய்க்கே மருந்தாக்கும் முயற்சி மனிதர்களில் முதல் கட்டச் சோதனையைத் தாண்டியிருக்கிறது.

அந்த மருந்து கைக்கு வரும்வரை, இதைப் படிக்கும் பெண்களிடமும் அவர்கள் வீட்டாரிடமும் வற்புறுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று. பல ஆண்டுகளுக்கு முன் கிரேவ்ஸ் நோய் வந்து, தைராய்டை அறுவையில் எடுத்தோ கதிரியக்க அயோடினால் சுருக்கியோ, இப்போது தைராக்சின் மாத்திரையில் நலமாக இருக்கும் பெண்கள் உண்டு. "எனக்குத்தான் தைராய்டே இல்லையே" என்று அவர்கள் பழைய கதையை மறந்துவிடுகிறார்கள். தைராய்டு போனாலும் ஆன்டிபாடி ரத்தத்தில் இருந்துகொண்டிருக்கலாம். கருவுற்றால் அது நஞ்சுக்கொடியைத் தாண்டும். அங்கே குழந்தைக்குச் சொந்தமாக ஒரு தைராய்டு இருக்கிறது, கர்ப்பத்தின் பாதியில் அது வேலை செய்யத் தொடங்கியிருக்கும். கர்ப்பத்தின் தொடக்கத்தில் ஒருமுறை டிராப் பார்த்து, அதிகமென்றால் 18 முதல் 22 வாரத்துக்குள் மறுபடி பார்த்து, குழந்தையின் இதயத்துடிப்பைக் கவனித்து வந்தால் இந்த ஆபத்தை முன்கூட்டியே பிடிக்கலாம், சமாளிக்கலாம். கார்பிமசோல் சாப்பிடும் பெண்கள் கருவுறத் திட்டமிடும்போதே மருத்துவரைப் பார்த்து மருந்தை மாற்றலாமா என்று கேட்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பத்தைப் பதிவு செய்யும் நாளில் செவிலியரிடம், "இப்போ தைராய்டு மாத்திரை சாப்பிடுறேன்" என்று சொன்னால் மட்டும் போதாது. "முதல்ல எனக்கு இளைக்கிற தைராய்டு இருந்தது" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், பழைய ரிப்போர்ட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.